நாற்பது நாள் தண்ணீர் குடித்த சுவர்

அந்த வீட்டின் நடுச்சுவர் ஒரு பக்கம் மட்டும் பதினோரு வருடம் காயவில்லை. அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர் அது. அண்ணன் கொத்தனார், கட்டியவர் அவரேதான். பூசிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் மனைவியோ, தன் பக்கம் ஓரகத்தி பக்கத்தைவிட உறுதியாக நிற்க வேண்டும் என்று நாற்பது நாள் விட்டாள். அந்தப் பக்கத்து இளையவள், தம்பி மனைவி, "அவங்க ஊத்துறது இங்கேயும் ஊறத்தானே போகுது, எனக்கெதுக்குக் கைவலி?" என்று ஒரு சொம்புகூட ஊற்றவில்லை. ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் வறட்சி என்று சுவர் அப்படியே பழகிக்கொண்டது.

அன்று முதல் மூத்தவள் வீட்டுச் சுவர் வேர்த்தது. கோடையிலும் வேர்த்தது. செருப்புக்கு நரை வந்தது, சீப்பில் பச்சை பிடித்தது, கல்யாணப் போட்டோவில் கொத்தனாருக்கு இரண்டாவது மீசை முளைத்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள், சுண்ணாம்பு அடித்தாள், பீரோவுக்குள் அடுப்புக்கரி வைத்தாள். கரியும் பூத்தது. பூஞ்சையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இளையவள் ஈரத்துணியை உதறினால், கொடிக்குப் போகும் முன்பே அது காய்ந்து விறைக்கும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். அதைக் கேட்டால் மூத்தவளுக்கு அடிவயிறு பற்றி எரியும். அவ்வளவு எரிந்தும் வீடு காயவில்லை.

பதினோராவது மழைக்குக் கொத்தனாரின் இருமலில் சாம்பல்நிறப் பொடி வந்தது. இன்னொரு மழைக்காலம் அந்த அறையில் படுத்தால் ஆள் தேறமாட்டார் என்றார் டாக்டர்.

"ஒரு கல்ல உருவிட்டா போதும், அந்தப் பக்கத்துக் காத்து வரும். பொதுச்சுவரு, அவகிட்ட ஒரு வார்த்தை கேளு" என்றார் கொத்தனார்.

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் இருமல் சத்தம் தாங்காமல், பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஓரகத்தியின் படியேறினாள். இளையவளுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே குடத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

"உங்க மாமாவுக்கு முடியலடி. உன் வீட்டுக் காத்துல கொஞ்சம் குடு."

"இதக் கேக்க இத்தனை வருஷமா? குடம் குடமா தூக்கி என் இடுப்பே போச்சு. மாமியார் செத்தப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வரலன்னு சொந்தமெல்லாம் பேசுச்சு. உங்க சுவரு சும்மாவே அழுவுது. பாத்தா எனக்கு எரியாதாக்கா?"

தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்திருக்கிறாள் என்று கேட்டதும் மூத்தவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

கொத்தனார் இருமிக்கொண்டே கல்லை உருவினார். பத்து நாளில் இருமல் நின்றது. இளையவள் மாமியாருக்காக ஒரு நாள் முழுக்க அழுது தீர்த்தாள். பிறகு, யார் பக்கம் காற்று அதிகம் போகிறது என்று தகராறு வந்தது. இன்றும் வீட்டு வேலை முடிந்ததும் இருவரும் ஓட்டைக்கு ஆளுக்கொரு பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவள் கூடுதலாக எடுத்துவிடாமல் காவல் காக்கிறார்கள். மதியச் சாப்பாடும் அங்கேயேதான்.