ஆஃபில் ஓடும் வண்டி

மூன்று மாதமாக எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான். தத்தா. தண்ணீர் வேண்டுமென்றாலும் தத்தா, ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் தத்தா, எதிர்வீட்டுக்காரன் காலங்காத்தாலே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தால் அவனைத் திட்டுவதற்கும் தத்தா. உள்ளே முழு வாக்கியம், நல்ல கெட்ட வார்த்தையோடு, தயாராகத்தான் வருகிறது. வாயைத் திறந்தால் இது விழுகிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததில் வலது பக்கம் செத்துப்போனது. பேச்சும் எழுத்தும் கூடவே போய்விட்டன. போதாததற்கு டாக்டர் என் மனைவியிடம், இவர் தலையாட்டுவதை நம்பாதீர்கள், ஆமாம் இல்லை இரண்டும் இவருக்குக் குழம்பும் என்று சொல்லிவிட்டார். முதல் ஒரு மாதம் குழம்பியது உண்மைதான். இப்போது குழம்புவதில்லை. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு வாய் வேண்டுமே.

இருபத்தெட்டு வருடம் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடியவன் நான். எந்தத் தெரு வால்வுக்கு எத்தனை சுற்று, எது வலப்பக்கம் திருப்பினால் மூடும், எது ஏறுக்குமாறாகத் திறக்கும், எல்லாம் என் தலைக்குள் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைத்ததில்லை. இன்ஜினியர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். நானா கொடுப்பேன்? எழுதிக் கொடுத்துவிட்டால் மறுநாள் என்னை எவன் சீண்டுவான்? லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தாலும் போன் வரும், நான் போய் நின்றால்தான் நாலு தெருவுக்குத் தண்ணீர். அதில் எனக்கு ஒரு கொழுப்பு இருந்தது. பைக் விஷயத்திலும் அதே கொழுப்புதான்.

பைக்குக்கு என் மகளைவிட நாலு வயது கூட. பத்து வருடத்துக்கு முன்னால் அதன் பெட்ரோல் டேப் ஒழுக ஆரம்பித்தது. டேங்குக்கு அடியில் ஆன், ஆஃப், ரிசர்வ் என்று மூன்று நிலையோடு ஒரு சின்னக் கைப்பிடி இருக்குமே, அதுதான். அந்த மாடலுக்குப் புது டேப் வருவது எப்போதோ நின்றுவிட்டது. வேறொரு வண்டியின் டேப்பிலிருந்து ஓட்டை போட்ட ரப்பரை எடுத்து, ஓரத்தைச் செதுக்கி, நானே உள்ளே வைத்து மாட்டினேன். ஒழுகல் நின்றது. ஆனால் ஓட்டைகள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. ஆன் என்று எழுதியிருக்கும் இடத்தில் கைப்பிடியை வைத்தால் பெட்ரோல் அடைத்துக்கொண்டது, ஆஃபில் வைத்தால் திறந்துகொண்டது, ரிசர்வ் சுத்தமாக மூடிப்போனது. கழற்றி மறுபடி மாட்ட அரை மணி நேரம் போதும். நான் மாட்டவில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. இனிமேல் எந்தத் திருடன் வந்தாலும் இதை ஒரு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோக முடியாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல் அவ்வளவுக்குத்தான் வரும்.

திருடன் வரவில்லை, மச்சான் மாட்டினான். என் மனைவியின் தம்பி, ஒருநாள் என்னைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டிக்கு ஆள் தெரியும்டா என்று சொல்லிவிட்டு, அவன் கண் முன்னாலேயே ஏறி உட்கார்ந்து, குனிகிற சாக்கில் டேப்பைத் திருப்பி, இரண்டே உதையில் கிளப்பிக் காட்டினேன். குடும்பமே வாயைப் பிளந்தது. அன்றைக்கும் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் பைக் பழகியதே தோழியின் வண்டியில்தான். என்னுடையதைத் தொட நான் விட்டதில்லை.

இப்போது அவளுக்கு நேரம் வந்திருக்கிறது. நகருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை. மூன்று தடவை விண்ணப்பித்து முதல் தடவையாகச் செய்முறைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலை ஒன்பதரைக்குக் கேட்டை மூடிவிடுவோம், அதற்குமேல் வருகிறவர்களுக்கு இடமில்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. நான் இப்படி நாற்காலியில் விழுந்த பிறகு இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்கப்போகிறவள் அவள் ஒருத்திதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் நாள் மாலை பார்த்து பஸ், ஆட்டோ எதுவும் நாளை ஓடாது, வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள்.

என் மகள் பாப்பா அழுதுகொண்டு உட்காரவில்லை. மூன்று மாதமாக என் ஜன்னலுக்கு வெளியே சந்தில் நின்றிருந்த வண்டியின் உறையை உருவினாள். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினாள், இரண்டு பாட்டில் பெட்ரோல் ஊற்றினாள். கைக்காரிதான், யாரும் சொல்லித்தராமலே செய்தாள். குனிந்து டேப்பைப் பார்த்தவள், ஐயய்யோ இத்தனை நாளா ஆன்லயே இருந்திருக்கே என்று பதறினாள். அப்படியே வைத்து நாற்பது உதை உதைத்தாள். எப்படிக் கிளம்பும்? கிண்ணம் காய்ந்து கிடக்கிறது, டேப் மூடியிருக்கிறது. முகம் தொங்கிப்போய், ராத்திரி பெட்ரோல் வீணாகக் கூடாதென்று பொறுப்பாகக் கைப்பிடியை ஆஃபுக்குத் திருப்பிவிட்டுப் படுக்கப் போனாள். அந்தப் பொறுப்புதான் அவளுக்கு வினையாக வந்தது. ராத்திரி முழுக்க டேப் திறந்து கிடந்தது, கிண்ணம் நிரம்பிவிட்டது.

காலையில் டேப்பை ஆனில் வைத்தாள். மூன்றாவது உதைக்கு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. என் மனைவி கையில் இருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் சந்தோஷப்படாதவன் நான் ஒருவன்தான். கிண்ணத்தில் இருக்கிறது ஒரு கிலோமீட்டருக்கு. சரியாக ஒரு கிலோமீட்டரில் ரயில் பாலத்தின் ஏற்றம். முன்னாலும் பின்னாலும் லாரிகள்.

தத்தா, தத்தா என்று கத்தினேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரை இடது கையால் தட்டிவிட்டேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே விரலை நீட்டி டேப்பைக் காட்டி, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பாப்பா வண்டியை நிறுத்தாமலே ஜன்னல் பக்கம் வந்தாள். என் பெண் புத்திசாலி, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

"டேப்பா? ஆன்ல போட்டுட்டேம்பா."

இல்லை என்று தலையாட்டினேன்.

"ரிசர்வ்ல போடணுமா?"

இல்லை, இல்லை.

"அப்புறம் என்னப்பா, ஆஃப்லயா வெச்சு ஓட்டச் சொல்றீங்க?" என்று சிரித்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். கழுத்து ஒடிந்துவிடும்போல ஆட்டினேன். அவள் சிரிப்பு ஒரு கணம் நின்றது. டேப்பைத் திரும்பிப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கை அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது.

"அவர் எல்லாத்துக்கும்தான் தலையாட்றாரு. டாக்டர் என்ன சொன்னாரு? நேரமாச்சு, நீ கிளம்பு" என்றாள் என் மனைவி.

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆஃபில் ஓடும் வண்டியை அவள் எங்கே கண்டாள்? பாப்பா ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கையை ஒருமுறை அழுத்தினாள். வேலையோட வர்றேம்பா என்றாள். மணி எட்டு முப்பத்தைந்து.

சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டே போனேன். தெருமுனையில் கியர் மாற்றினாள். மாவுமில் தாண்டினாள். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் ஒரு ஹாரன். அதற்குப் பிறகு என் காதுக்கு எட்டவில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று மனசுக்குள் எண்ணினேன். இந்நேரம் ஏற்றத்தில் இருப்பாள். இந்நேரம் வண்டி இருமும். பின்னால் வருகிறவன் பிரேக் பிடிக்க வேண்டும், கடவுளே, அவனுக்குப் பிரேக் பிடிக்க வேண்டும். என் மனைவி அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

எட்டு ஐம்பதுக்குப் போன் வந்தது. பாப்பாவின் குரலைக் கேட்டதும் உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும்தான் முதலில் பட்டது. பாலத்து மேல் நடு ஏற்றத்தில் நின்றுவிட்டதாம். ஒரு லாரிக்காரர் ஒடித்துத் திருப்பிக்கொண்டு, இறங்கி வந்து திட்டிவிட்டு, அவரே ஓரமாகத் தள்ளியும் கொடுத்தாராம். டேங்க்ல பெட்ரோல் இருக்கு, ஆன்லயும் வரல, ரிசர்வ்லயும் வரல, அப்பாகிட்ட கேளும்மா, அப்பாவுக்குத் தெரியும் என்றாள்.

மனைவி போனை என் காதில் வைத்தாள்.

"அப்பா, என்ன பண்ணட்டும்? சொல்லுங்கப்பா."

வாழ்க்கையில் ஒரே ஒரு சொல் வேண்டியிருந்தது எனக்கு. அதைவிடச் சின்னச் சொல் கிடையாது. நாக்கை மேல்வரிசைப் பல்லில் வைக்காமல் பார்த்துக்கொண்டேன், உதட்டைக் குவித்தேன், எச்சில் வழிந்தது. ஆ என்று ஆரம்பித்தேன். ஆரம்பம் சரியாகத்தான் வந்தது. முடியும்போது தத்தா என்று முடிந்தது. சரிப்பா, பரவால்லப்பா, நான் பாத்துக்கறேன் என்று வைத்துவிட்டாள்.

ஒன்பதரை அடித்தது. கடிகாரத்தைப் பார்க்க விரும்பாமல் சுவரைப் பார்த்தேன், சுவரில்தான் கடிகாரம் இருந்தது. வாரியத்து ஞாபகம் வந்தது. நான் விழுந்த வாரம் மேட்டுத் தெருவுக்கு நாலு நாள் தண்ணீர் போகவில்லையாம். என் இடத்துக்கு வந்தவன் திறப்பதாக நினைத்து மூடிக்கொண்டே இருந்தானாம். இன்ஜினியர் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலருகில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குக்கூட எனக்கு உள்ளூர ஒரு திமிர்தான், பார்த்தாயா நான் இல்லாமல் என்று. அந்தத் திமிரை இப்போது எவனாவது செருப்பால் அடித்தால் தேவலாம் என்றிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. தள்ளிக்கொண்டு வரவில்லை, ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்படியென்றால் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கையெல்லாம் கிரீஸ், முகத்தில் புழுதிக்கு மேல் கண்ணீர் காய்ந்த கோடு. பாலத்துக்குக் கீழே ஒரு மெக்கானிக் கடை வரைக்கும் இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போனாளாம். அவர் டியூபைப் பிடுங்கிவிட்டு டேப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாராம். ஆஃபில் பெட்ரோல் கொட்டியதாம். எந்தப் புண்ணியவானோ தப்பாக மாட்டிவிட்டான் என்றாராம். அங்கிருந்து பறந்து போயும் மணி பத்தே கால். கேட்டில் இருந்தவரிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர் கடிதத்தை எடுத்து அவளிடமே படித்துக் காட்டினாராம்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். திட்டு, பாப்பா, வாய்க்கு வந்தபடி திட்டு என்று காத்திருந்தேன். அவள் என் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, செத்துப்போன என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கரெக்டாதான் சொன்னீங்க. ஆஃப்னு தலையாட்டினீங்க. நான்தான் சிரிச்சேன். மன்னிச்சுக்கோங்கப்பா."

இல்லை என்று ஆட்டினேன். நீ இல்லை, நான். பத்து வருடமாக நான். உன்னைத் தொட விடாதவன் நான், ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், சொல்லாமல் அதை வைத்துப் பெருமையடித்தவன் நான். அத்தனையும் வரிசையாக, தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் தொண்டை வரைக்கும் வந்தது.

"தத்தா" என்றேன். "தத்தா. தத்தா."

என் மனைவி முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு மகளின் தலையைத் தடவினாள்.

"அழாதடி. அதான் அப்பாவே பரவால்லன்னு சொல்றாரே."

பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டினாள்.