மகள் வயது பதினொன்று

ரீனோ நகரத்தில் வெர்னா டிப்பெட்ஸை இன்னும் வெளியே துரத்தாத கேசினோ இது ஒன்றுதான். இங்கேயும் மாட்டினால் அவள் பிழைப்பு முடிந்தது. அதைவிடப் பெரிய பயம், தம்பி ராய்ஸும் சேர்ந்து மாட்டிவிடக் கூடாது என்பது. அவன் முகம் இதுவரை எந்தக் கேசினோவுக்கும் தெரியாது. அந்த முகத்தை வைத்துத்தான் இரண்டு குடும்பமும் சாப்பிட்டது.

வேலை என்னவோ எளிதுதான். பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில் இரண்டு முதல் ஆறு வரை சின்னச் சீட்டு விழுந்தால் மனதில் ஒன்று கூட்ட வேண்டும். பத்தோ படச்சீட்டோ ஏஸோ விழுந்தால் ஒன்று கழிக்க வேண்டும். கணக்கு பன்னிரண்டைத் தொட்டால் மிச்சமிருப்பதில் பெரிய சீட்டுகள் அதிகம், ஆடுகிறவருக்கே ஆதாயம் என்று அர்த்தம். உடனே வெர்னா மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றுவாள். தூரத்தில் ஸ்லாட் மெஷினைத் தட்டிக்கொண்டிருக்கும் ராய்ஸ், அக்காவை முன்பின் பார்த்தே இராதவன் போல வந்து பெரிய பந்தயம் வைப்பான்.

கேசினோக்காரர்கள் மட்டும் விரல் சூப்பிக்கொண்டா இருப்பார்கள்? இன்று மதியம் இரண்டு முறை, கணக்கு ஏறும் நேரம் பார்த்து சீட்டுப் போடும் டீலர் பாதியிலேயே சீட்டைக் கலைத்து, எண்ணியதை வீணாக்கிவிட்டாள். மூன்றாம் முறை கணக்கு ஏறியபோது மேற்பார்வையாளர் லுண்ட்க்விஸ்ட் சிரித்தபடி வந்து பக்கத்தில் நின்றார்.

இதற்கும் ராய்ஸ் பாடம் நடத்தியிருந்தான். "பேச்சுக் குடுத்து நம்பர் நம்பரா கேப்பானுங்க அக்கா. நீ யோசிச்சேன்னா கணக்கு போச்சு. பொய்யை மனப்பாடம் பண்ணி வச்சுக்கோ."

"எத்தனாவது மாடில தங்கியிருக்கீங்க மேடம்?"

"ஏழு." கணக்கு ஒன்பது.

"ஊரு எவ்வளவு தூரம்?"

"இருநூறு மைல்." பத்து.

"பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு." பதினொன்று.

"என்ன வயசு?"

"பதினொண்ணு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மெரிலுக்கு ஒன்பது வயது. பெற்ற மகளின் வயதை எவள் மனப்பாடம் செய்து வைப்பாள்?

லுண்ட்க்விஸ்ட் காதில் மாட்டியிருந்த கருவியை விரலால் அழுத்திக் கேட்டார். பிறகு சிரிப்பு மாறாமல் குனிந்தார்.

"ஆச்சரியம்தான் மேடம். மேல கேமரா ரூம்ல உக்காந்து சீட்டு எண்ணுறவனும் பதினொண்ணுங்கிறான். வேற எது வேணா ஆடுங்க, பிளாக்ஜாக் மட்டும் இனிமே வேணாம். தனியாத்தான் வந்தீங்களா?"

"தனியாத்தான்."

தூரத்திலிருந்து பார்க்கும் ராய்ஸுக்கு இருவரும் ஏதோ ஊர்க்கதை பேசுவது போலத்தான் தெரியும். கடவுளே, அவனாவது தப்பட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சரி, நெசமா பொண்ணுக்கு என்ன வயசு?"

டீலர் மற்றவர்களுக்குச் சீட்டுப் போட்டாள். ராஜா. மூன்று. ஐந்து. வேண்டாம், வேண்டாம் என்று நினைக்கும்போதே மனம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போய்விட்டது. நான்கு வருடப் பழக்கம். கை தானாக எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றியது.

"ஒன்பது," என்றாள்.

லுண்ட்க்விஸ்ட் அவளைப் பார்க்கவில்லை. மெஷினை விட்டு எழுந்து, கை நிறைய பந்தயச் சிப்புகளோடு நேராக இந்த மேசையை நோக்கி வந்துகொண்டிருந்த ராய்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.