தண்ணீர் கட்டியவள்

வாய்க்காலிலிருந்து பிரிந்த தண்ணீர் முதல் பாத்திக்குள் நுரையும் சருகுமாக நுழைகிறது, வெடித்துக் கிடந்த மண் அதை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது, எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறுகின்றன, துளசிமணி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு மடைக்கு மடை ஓடுகிறாள், அவளுக்குப் பதிமூன்று வயது, இல்லை, அறுபத்தொன்று, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பத்திரப்பதிவு அலுவலகத்து மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறதே தவிரக் காற்றைக் காணோம். புடவை அண்ணன் சென்னியப்பன் எடுத்துக் கொடுத்தது. அப்பன் போன பிறகு, அவர் வெள்ளாமை செய்த காட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண்பிள்ளை எழுதிக் கொடுக்கிற பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர், யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று கேட்கக்கூடாது, கையெழுத்துப் போட வருகிறவளுக்கு அண்ணன் தம்பிகள் ஒரு புடவை எடுத்துக் கொடுப்பது வழக்கம், அத்தை அப்படித்தான் போட்டுக் கொடுத்தாள், பெரியப்பா மகள்கள் மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே நிறப் புடவையில் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள்.

மூணே எடத்துல கையெழுத்து கண்ணு, அப்பறம் பெருவிரலு ரேகை, பத்து நிமிசத்துல வூட்டுக்குப் போயிரலாம் என்று காரில் வரும்போது அண்ணன் சொன்னான், காட்டை என்னங்கண்ணா பண்றீங்க என்று கேட்டதற்கு, வூட்டுமனை சைட்டுப் போட்டு விக்கறவங்களுக்குக் குடுத்தர்றேன் அம்மிணி, இனி யாரு பண்ணையம் பாக்கறது என்றான், முன் சீட்டில் இருந்த அவள் கணவர் குழந்தைவேலு கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, அது உங்க பொறந்தவூட்டுச் சமாச்சாரம், என்னைய இழுக்காதீங்க என்றார், இப்போது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், இழுக்காத இடத்தில் பத்திரமாக உட்காருவதில் அவர் கெட்டிக்காரர். பத்திரம் எழுதுகிறவர் கணீரென்று வாசிக்கிறார், குழந்தைவேலு மனைவி துளசிமணி, வயது அறுபத்தொன்று, இல்லத்தரசி. அரசியாம், எந்த ஊர் அரசி முப்பத்தெட்டு வருடமாகப் பால்காரன் மணியடிக்கும் முன்னே எழுந்து அடுப்பு மூட்டினாள், மாமியார் படுக்கையில் கிடந்த ஆறு வருடமும் மலச்சட்டி எடுத்தாள், இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டிக் கொடுத்த டிபன் டப்பாக்களை அடுக்கினால் மலைக்கோயில் படிவரை வரும், அம்மா என்ன பண்றாங்க என்று யாராவது கேட்டால் பெற்ற மகளே, அம்மா வூட்ல சும்மாதான் இருக்காங்க என்பாள், அந்த மகளுக்குத்தான் தை மாதம் கல்யாணம், மணவறையில் பக்கத்தில் நிற்கத் தாய்மாமன் வேண்டும், தாய்மாமனுக்கு இந்தக் கையெழுத்து வேண்டும், இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துச் சொல்லவில்லை, சொல்லாமலே அவளுக்குப் புரியும்படி வளர்த்திருந்தார்கள்.

சும்மா, அந்தச் சொல் காதில் விழுந்ததும் மறுபடி தண்ணீர் வருகிறது. அன்றைக்கு அவர்கள் காட்டுக்கு முறைத்தண்ணீர், விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுதுவரை வாய்க்கால் அவர்களுடையது, விட்டால் அடுத்த முறை வருவதற்குள் கடலைச்செடி காய்ந்து போகும், அப்பா சந்தைக்கு மாடு பிடிக்கப் போயிருக்கிறார், தண்ணீர் கட்ட வேண்டிய அண்ணன் சேவல்கட்டுப் பார்க்கப் போய்விட்டான், வாய்க்கால் திறக்கும் வாமடையில் தண்ணீர் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள், ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும், கண் அசந்தால் வரப்பு உடைந்து அடுத்தவன் காட்டுக்கு ஓடிவிடும், ஓடினாள், அடைத்தாள், திறந்தாள், உள்ளங்கை கொப்பளித்து உடைந்து கைப்பிடியில் பிசுபிசுத்தது, உச்சிப்பொழுதில் கடைசிப் பாத்தியும் குடித்து முடித்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, இந்த ஏக்கர் முழுக்க நான் கட்டினேன் என்று வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். பொழுது சாய வந்த அப்பா காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி, எம்பையன் ஒத்தை ஆளா நின்னு கட்டிப்போட்டானப்பா, இனி எனக்கென்ன கவலை என்கிறார், அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து அண்ணனைப் பார்க்கிறாள், அவன் இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்கிறான், எல்லாம் தெரிந்த அம்மா அவள் தொடையை அழுத்தி, வுடு கண்ணு, நாளைக்கு நீ போற புள்ள, உனக்கு நோம்பி நாளுக்குப் போக வர ஒரு வூடு வேணுமல்லொ என்று காதோடு சொல்கிறாள். விட்டாள். நாற்பத்தெட்டு வருடம் விட்டாள்.

துளசிமணி யாரு, வாங்க என்று உள்ளே கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் சின்ன வயதுப் பெண், அன்றைக்கு எத்தனையாவது பத்திரமோ, தலையைத் தூக்காமலே, இது உங்க சம்மதத்தோடதானேம்மா, யாரும் கட்டாயப்படுத்தலையே என்று கேட்டாள். அண்ணன் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினான். துளசிமணிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை, பிறகு எல்லாம் புரிந்தது, அத்தையிடமும் இதைக் கேட்டிருப்பார்கள், பெரியப்பா மகள்களிடமும் கேட்டிருப்பார்கள், கேட்கிற நாற்காலி இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது, சம்மதமுங்களான்னு கேக்கறீங்களா என்றாள், ஆமாம்மா, சும்மா ஒரு முறைக்கு என்றாள் அந்தப் பெண். சம்மதமில்லீங்க என்றாள் துளசிமணி. சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக, எனக்குச் சம்மதமில்லீங்க என்றாள். பக்கத்து மேசைக் குமாஸ்தா எரிச்சலோடு, அப்பறம் எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க என்றார். நீங்க இப்படியொண்ணு கேப்பீங்கன்னு யாரும் எனக்குச் சொல்லலீங்களே என்றாள். சார்பதிவாளர் அப்போதுதான் தலையைத் தூக்கி அவளை முழுதாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பத்திரத்தை மூடி இந்தப் பக்கம் தள்ளி வைத்தாள்.

வெளியே பைக்குகளுக்கு நடுவே நின்று அண்ணன் கத்தினான், உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது, அடுப்படிய வுட்டா உனக்குக் காட்டப் பத்தி என்ன தெரியும். கடலைக்காட்டுக்கு அன்னைக்குத் தண்ணி கட்டுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமல்லீங்கண்ணா என்றாள். என்ன தண்ணி, எந்தக் காடு என்றான், முகத்தில் கள்ளமே இல்லை, அவனுக்கு நிஜமாகவே ஞாபகமில்லை, நாற்பத்தெட்டு வருடம் அவள் நெஞ்சில் சுமந்ததை அவன் அன்றைக்குக் குழம்போடு சேர்த்துச் செரித்துவிட்டிருந்தான், அதுதான் அவளுக்கு வலித்தது, வலித்த வேகத்திலேயே உள்ளே ஏதோ லேசாகிவிட்டது, இனி இவனிடமிருந்து கிடைக்க ஒன்றும் பாக்கியில்லை. காட்டை விக்க வேண்டாமுங்க, எம்பங்குல நான் வெள்ளாமை வெக்கறேன் என்றாள். டீ கிளாஸோடு ஓடி வந்த குழந்தைவேலு, ஏன் துளசி, வூட்ல யாரு இருக்கறது என்றார், நீங்க இருங்க, சும்மாதானே இருக்கோணும், அது ஒண்ணும் பெரிய வேலையில்லையாமா என்றாள்.

அண்ணன் கடைசி ஆயுதத்தை எடுத்தான், அப்படின்னா தை மாசம் மாமன்னு வந்து நான் நிக்க மாட்டேன், பாத்துக்க. மணவறையும் மகளும் அந்த வெறும் இடமும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன, அழுதுவிடுவோமோ என்று பயந்தாள், அழவில்லை. வராட்டிப் போங்கண்ணா, உங்க எடத்துல வேற யாரையும் நிறுத்த மாட்டேன், காலியாவே இருக்கட்டும், மாமன் எங்கேன்னு கேக்கறவங்களுக்கு, சம்மதமான்னு கேட்டாங்க, இல்லைன்னு சொன்னேன், அதனால வரலீன்னு நானே மைக்கப் புடிச்சுச் சொல்லிப்போடறேன் என்றாள். காருக்குள் ஏறாமல், காட்டுப் பக்கம் போகிற பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அண்ணனிடமே கேட்டாள், அவன் யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டிவிட்டான்.