உண்ணாமலை பாடிய பெயர்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் இளஞ்செழியன் காபிக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு நாலு பேர் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். ஆளுக்கொரு பாட்டு கொண்டுவந்து, அது ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். லாட்ஜில் வேலை பார்க்கும் கோபிக்கு நாகஸ்வரம் என்றால் உயிர், கீதாஞ்சலி டீச்சருக்குப் பழைய சினிமாப் பாட்டு. இருவரும் சண்டை போடாத வாரமே கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான்: உள்ளே வந்ததும் போன்களை அணைத்து இட்லிக் குண்டானில் போட்டு மூடிவிட வேண்டும். இங்கே கேட்டதும் பேசியதும் வெளியே போகக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசனே இளஞ்செழியன்தான்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மணிமொழிக்கு மனசு விட்டுப் பேச அந்த ஒரு மதியம்தான் வாய்த்தது. அந்த நம்பிக்கையில் ஒரு வாரம் அம்மாவின் பாட்டைக் கொண்டுபோனாள்.

அதற்கு முன் ஒரு நாள் அம்மா உண்ணாமலை கீழ்பென்னாத்தூர் வீட்டில் வேர்க்கடலை உரித்தபடி, தானே கட்டிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மகள் அடுப்பங்கரையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. மணிமொழி சத்தமில்லாமல் பதிவு செய்துகொண்டாள். செத்துப்போன அப்பாவின் பெயர் தருமன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் அம்மா. ரேஷன் கடையில் கேட்டால்கூட "பொண்ணக் கேளுங்க" என்பாள். அப்படிப்பட்டவள் அந்தப் பாட்டில் "தருமா, தருமா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டுகிறாள், கொஞ்சுகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் ஸ்பீக்கர் மணிமொழியின் போனோடு சேரவில்லை.

"எனக்கு அனுப்பும்மா, லேப்டாப்புல போடறேன். கேட்டதும் அழிச்சுடறேன்" என்றான் இளஞ்செழியன்.

"சரிண்ணா" என்று அனுப்பிவிட்டு, போனைக் குண்டானில் போட்டாள். லேப்டாப்பையும் குண்டானில் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பாட்டு முடிந்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணிமொழி அந்தப் பெயரின் கதையை முழுக்கச் சொன்னாள்.

சில நாள் கழித்து, மருந்துக் கடையில் கூட வேலை பார்க்கும் தமிழ்செல்வி போனை நீட்டினாள். "இதக் கேளேன்டி, அழுகையே வந்துடுச்சு."

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் வீடியோ. அதன்மேல் அம்மாவின் குரல். 'கணவன் பெயரைச் சொல்லாத கீழ்பென்னாத்தூர்த் தாய், பாட்டில் மட்டும் சொல்கிறாள்' என்று எழுதியிருந்தது. எல்லாம் மணிமொழி சொன்னவைதான். கடைசியில் காபிக் கடையின் பெயரும் வழியும்.

மணிமொழி நேரே இளஞ்செழியன் கடைக்குப் போய் நின்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாண்ணா?"

"ஏம்மா கோச்சுக்கற? எவ்ளோ பேரு கேட்டு அழுதுகினு இருக்காங்க, பாரு. உங்க அம்மா பேரக்கூட நான் போடல."

"ஊரப் போட்டீங்களே. எங்க அப்பா பேரு பாட்டுலயே இருக்குதே."

அவன் முகம் சுண்டியது. போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினான். "அழிச்சுட்டேன், போதுமா?"

அன்றைக்கும் அழிப்பதாகத்தான் சொன்னான். வாய்க்கு வாய் அண்ணா என்று கூப்பிட்டதற்கு நன்றாகக் கழுத்தை அறுத்தான் என்று பஸ் முழுக்க மனசுக்குள் கறுவிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தாள்.

அம்மா வாசலில் முறத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "எதிர்வூட்டு எல்லம்மா போன்ல போட்டுக் காட்டிச்சு" என்றாள், தலையைத் தூக்காமல்.

மணிமொழி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "நம்ப வெச்சு மோசம் பண்ணிட்டான்மா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

அம்மா கடைசிவரை கேட்டாள். "அவன் உன்னக் கேக்கல, சரி. நீ என்னக் கேட்டியா?"

மணிமொழி முறத்துக்குப் பக்கத்தில் உட்காரப் போனாள்.

"அவரு உயிரோட இருந்தப்பகூட அந்தப் பேர அவரு காதுல நான் போட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மணிமொழி பின்னாலேயே போனாள். வாசற்படியில் அம்மா நின்றாள்.

"உள்ள வரதுன்னா அந்தப் போன வெளியிலயே வெச்சுட்டு வா."

வைத்துவிட்டுப் போய் எதிரே உட்கார்ந்தாள். கடலை தீரும்வரை உரித்தார்கள். அம்மா பாடவில்லை.