நாருக்குப் போட்ட புளிச்சை

சாக்குக்கும் பஞ்சம் வந்த எழுபதுகளில், கிண்ணியா ஜமால்தீனின் நெல் களத்திலேயே நனைந்து முளைத்துவிட்டது. கட்டிவைக்க ஒரு நல்ல சாக்கு இல்லை. அடுத்த வெள்ளாமையைச் சொந்தச் சாக்கில்தான் ஏற்றுவேன் என்று மனுசன் வாய்விட்டுவிட்டார். அதையும் எங்கே சொன்னார், மக்காள்? ஹிஸ்புல்லாவின் தேத்தண்ணிக் கடையில். அங்கே விழுந்த சொல் புல்மோட்டை வரைக்கும் போகும்.

அந்த நேரம் பார்த்து வந்தார் விவசாய உத்தியோகத்தர் தவராசா. புளிச்சை என்றொரு புதுப்பயிர். தண்டை ஊறவைத்து நார் உரித்தால் சாக்கு நெய்யலாம். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த ஆண்களை மர நிழலில் இருத்தி விளக்கினார். குருத்தை மட்டும் முறிக்கக் கூடாது, முறித்தால் கிளை வெடித்து நார் நீளாமல் கட்டையாகிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எல்லாத் தலையும் ஆடியது. விதைப் பையை அவிழ்த்ததும் ஒவ்வொரு தலையும் பக்கத்துத் தலையைப் பார்த்தது. அவர் போட்டால் நானும் போடுவேன் என்றார் ஒருவர். அந்த ‘அவரும்’ அதையே சொன்னார்.

ஹிஸ்புல்லா கேட்டார்: "சேர், இது மனிசன் தின்னுறதா, மாடு தின்னுறதா?"

"தின்னுறதுக்கில்ல. நாருக்கு."

"அப்ப அது பயிரில்ல சேர், பத்தை."

எல்லாரும் சிரிக்க, ஜமால்தீன் மட்டும் விதையை வாங்கி மடியில் கட்டினார். இது என்ன விதை என்று வீட்டில் மனைவி ஸல்ஹா கேட்டாள். நாருக்கும் பொம்பிளைக்கும் என்ன கதை என்று அவள் வாயை அடைத்தார். வீட்டையொட்டிய மேட்டுக்காணியில் விதைத்தார்; பிறகு நெல்லுக்குக் காவலாக வயல் வாடிக் குடிசையில் போய்த் தங்கிவிட்டார்.

மாரி மழைக்குப் பயிர் இடுப்பளவு வந்தது. ஸல்ஹா ஒரு குருத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். நல்ல புளி. அன்றைக்கே சூடைமீன் போட்டுக் குழம்பு, புளியாணம். அயலுக்கு ஒரு கோப்பை போனது. மறுநாள் அயலே பெட்டியோடு வந்து நின்றது. கிள்ளக் கிள்ளத் தளிர்த்ததைக் கண்டு, நல்ல பரக்கத்தான பயிர் என்றார்கள் பெண்கள். வாடிக்கும் ஆணம் போனது. எதில் ஆக்கியதென்று கேட்காமலே, இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லி ஜமால்தீன் ஆள் விட்டார்.

ஒருநாள் தவராசாவைப் பெருமையோடு கூட்டிவந்தால், காணி முழுக்க ஆடு கடித்த செவ்வரத்தைச் செடிபோலக் கிளை வெடித்த பற்றைகள். இதில் சாண் நாரும் தேறாது என்றார் தவராசா.

ஜமால்தீன் மனைவியிடம் பாய்ந்தார். "குருத்தை முறிக்கப்படாதெண்டு சேர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்!"

"ஆருக்குச் சொன்னவர்?" என்றாள் ஸல்ஹா. "அவர் உங்களுக்குச் சொன்னார். நீங்க எனக்குச் சொன்னீங்களா? ஆணத்தை மட்டும் கேட்டுக் கேட்டுத் திண்டீங்க."

அந்த நேரம் வேலியோரம் ஹிஸ்புல்லாவும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். தங்களுக்கும் விதை வேண்டுமாம்.

தவராசாவின் முகம் மலர்ந்தது. "நாருக்கோ?"

"என்ன நார் சேர்? ஆணத்துக்கு. வீட்டில பொம்பிளைகள் கேட்டுக் கேட்டு நிம்மதியா இருக்க ஏலாது."

விதைப் பை அங்கேயே காலியானது. ஊர் முழுக்கப் புதுப்பயிரை ஏற்றுக்கொண்டதாகத் தவராசா மேலிடத்துக்குச் சொன்னார். அது பொய்யுமில்லை.

வெள்ளாமை வெட்டியதும் ஜமால்தீன் பழஞ்சாக்குக் கேட்டு வீடு வீடாக ஏறினார். ஏறிய வீடெல்லாம் கதிரை போட்டு இருத்தி, புளியாணத்தோடு வயிறாரச் சோறு கொடுத்தார்கள். சாக்குத்தான் இல்லை என்றார்கள்.