வலது ஓரத்துத் துண்டு

சின்னவள் ஒரு நாளைக்கு இரண்டு முறை அண்ணாந்து பார்த்து, தன் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்வாள். பதினொரு மணிக்கு ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை. பதினொன்றுக்கு ஐந்தாவது மாடி பால்கனிக் கம்பியின் இடது ஓரத்தில் ஈரத் துண்டு தொங்க வேண்டும். மூன்றுக்கு அது வலது ஓரத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறியிருந்தால் அப்பா எழுந்து, தண்ணீர் குடித்து, துண்டை மறுபடி நனைத்துப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார் என்று பொருள்.

அப்பாவுக்கு பேக்கரியில் இரவு வேலை. விடிந்து வந்து ஏழு மணிக்குப் படுப்பார். சின்னவள் எட்டரைக்குக் கிளம்பி, அதே தெருவில் நான்கு கட்டடம் தள்ளி இருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போவாள். பெரியவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். சாயங்காலம் சின்னவள் வீடு திரும்பும்போது அப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாம் வாசற்படியிலேயே முடிந்துவிடும்.

போன வருஷம் இதே மாதத்தில்தான் அம்மா போனாள். மத்தியானம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து, தலை வலிக்கிறது என்று படுத்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துச் சத்தம் போடாமல் கதவைச் சாத்தியது சின்னவள்தான். மூன்று மணி நேரம் அம்மா நன்றாகத் தூங்கட்டும் என்று டி.வி. சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்திருந்தாள்.

அந்த வெயிலில் அந்தத் தெருவில் மட்டும் நாலு பேர் அப்படிப் போனார்கள். முன்பெல்லாம் கோடை வரும், போகும். இப்போது வந்தது போகவே மனசில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது. சின்னவளையும் சேர்த்துத் தெருவின் இளவட்டங்கள் ஆறு பேர் ஏதாவது செய்யலாம் என்று கூடினார்கள். பத்துச் செடி நட்டார்கள், இரண்டு பிழைத்தன. மூன்று மொட்டை மாடிகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அப்பாவின் கட்டடத்து மாடிக்கு மட்டும் சொந்தக்காரர் சாவி தரவில்லை. பார்சல் வண்டி ஓட்டும் நெட்டைதான் கடைசியில் சொன்னான்: “உலகத்தைக் குளிர வைக்க நம்மால ஆகாது. நம்ம தெருவுல யாரு இன்னும் எழுந்திரிக்கலன்னாவது பார்ப்போம்.”

தனியாக இருப்பவர்கள், பகலில் தூங்குகிறவர்கள் என்று பதினோரு பேர் தேறினார்கள். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு மாடியாக ஏறிக் கதவைத் தட்டிப் பார்த்ததில், மூன்றாம் நாளே, ஆறு பேரில் ஒருத்தியான நர்ஸ் படிப்புப் பெண் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். அதனால் துண்டு. தெருவில் நின்றே பார்த்துவிடலாம். யார் தூக்கமும் கெடாது.

அப்பா ஒத்துக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது.

“முப்பது வருஷமா அடுப்பு வாயில நிக்கிறவன்டி நான். சூடு எனக்குப் பங்காளி மாதிரி.”

“பங்காளிதாம்பா முதல்ல குடியைக் கெடுப்பான்.”

“வாயைப் பாரு. உங்கம்மா இருந்தா பல்லு எகிறியிருக்கும்.” சொல்லிவிட்டுக் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி எடுத்தார். பிறகு அவர், “சரிங்க இன்ஸ்பெக்டர், தொங்க விடறேன்” என்றார். அன்றிலிருந்து அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர்.

துண்டும் ஒழுங்காக மாறியது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் நேர் கீழே தரைத்தளத்து சலூன் வாசலில் விழுந்தது. சலூன்காரர் வெயில் தாங்காமல் நாற்காலியை வாசல் நிழலில் போட்டுத்தான் முடி வெட்டுவார். சின்னவள் அந்தப் பக்கம் போனால் விடமாட்டார். “உங்கப்பா என் கஸ்டமருக்கெல்லாம் தலை குளிப்பாட்டறாரு. அதுக்கும் சேர்த்து நான் காசு வாங்க முடியுமா?”

மூன்று மணிக்கு அந்தத் துண்டு வலது பக்கம் போய்ச் சேர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே அவள் கடைக்குள் திரும்புவாள். நோட்டில் ஒரு கோடு போடுவாள். அப்புறம்தான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. கடையில் கண்ணாடி வில்லை தேய்க்கும் இயந்திரம் நின்றது. முதலாளி விசிறிக்கொண்டே, “இனிமே சாயங்காலம்தான் வரும்னு சொல்றாங்க” என்றார். பதினொன்றுக்குச் சின்னவள் வெளியே வந்து அண்ணாந்தாள். துண்டு இடது ஓரத்தில் அசையாமல் தொங்கியது. காற்றே இல்லை. மின்விசிறி நின்ற அறையில், மேலே சுண்ணாம்பு அடிக்காத தளத்துக்குக் கீழே, அவர் படுத்திருப்பதை நினைத்தாள். ஏறிப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. லிப்ட் ஓடாது. ஐந்து மாடி. எழுப்பினால், ராத்திரி அடுப்புக்கு முன்னால் கண் சொருகுகிறது என்பார். மூன்று மணிக்குத் துண்டு சொல்லிவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கடைக்குள் போனாள். பின்னால் பல வருஷங்களுக்கு அந்த ஒரு நிமிஷம் அவளை விட்டுப் போகவில்லை.

மத்தியானம் தெரு காலியாகிவிட்டது. நாய்கள்கூடக் கழிவுநீர்க் குழாய் அடியில் ஒண்டிக்கொண்டன. இரண்டரையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சரியாக மூன்றுக்கு வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. கையை நெற்றியில் வைத்து அண்ணாந்தாள்.

துண்டு வலது ஓரத்தில் இருந்தது.

“அப்பாடா” என்று வாய்விட்டுச் சொன்னாள். கோடு போட்டாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். அன்றைக்குப் பசி எடுத்து நன்றாகச் சாப்பிட்டாள். இதையும் அவளால் மறக்க முடியவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சலூன்காரர் கடைக்குள் வந்தார். கையில் கால் கழன்ற மூக்குக் கண்ணாடி.

“இதைக் கொஞ்சம் மாட்டிக் குடும்மா. குத்துமதிப்பா வெட்டிக்கிட்டிருக்கேன். ஒருத்தன் காது தப்பிச்சது அவன் பெத்தவங்க புண்ணியம்.”

சின்னவள் சிரித்துக்கொண்டே குட்டித் திருகாணியை இடுக்கியால் எடுத்தாள்.

“இன்னைக்கு உங்கப்பா துண்டு என்னை நனைக்கவே இல்ல. திருந்திடுச்சா என்ன?”

“தண்ணி இருந்திருக்காதுண்ணா. கரண்ட் இல்லாம மோட்டார் ஓடாதே.”

“ஆமா, அந்தம்மாவும் பாவம், தண்ணிக்கு எங்க போகும்? கோலை மட்டும் நீட்டித் துண்டைத் தள்ளிட்டு உள்ள போயிடுச்சு.”

அவள் இடுக்கி அந்தரத்தில் நின்றது. “எந்தம்மா?”

“பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சரம்மா. தினமும் அதுதானே தள்ளி விடுது? துணி காயப்போடற கோலால தள்ளி, ஒரு குவளைத் தண்ணியை விசிறும். நான் கீழே உட்கார்ந்து பார்க்கிறேனே.” அவர் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“எத்தனை நாளா?”

“ஒரு மாசம் இருக்கும்மா.”

திருகாணி எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை.

தெருவில் ஓடும்போது தார் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. ஓடிக்கொண்டே நெட்டைக்குப் போன் போட்டு, “அப்பா” என்று மட்டும் சொன்னாள். அவன் மறு கேள்வி கேட்கவில்லை. படிக்கட்டில் ஒவ்வொரு மாடிக்கும் சூடு ஒரு படி கூடியது. மூன்றாவது மாடியில் கைப்பிடியைத் தொட்டுச் சுட்டுக்கொண்டாள். எப்போது கடைசியாக அவரைப் பார்த்தோம் என்று கணக்குப் போட்டாள். காலை எட்டரை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஏழரை மணி நேரம் அவள் பார்த்ததெல்லாம் ஒரு துணியைத்தான்.

சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள். தூக்கம் கெடக்கூடாது என்று, அவள் கிளம்பிய பிறகு எழுந்து வந்து அவர் எப்போதும் போடுவது.

“அப்பா. அப்பா, நான்தான்.”

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவள் கையால் தட்டினாள், பிறகு காலால் உதைத்தாள். அம்மா போன அன்று போட்டிருக்க வேண்டிய சத்தத்தையும் சேர்த்துப் போட்டாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. டியூஷன் அக்கா நின்றாள். அவள் பின்னால் தரையில் நாலைந்து பிள்ளைகள் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பால்கனிக் கதவோரம் அந்தக் கோல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“அவருதாம்மா கேட்டாரு,” என்றாள் அக்கா பின்னாலேயே வந்து. “மூணு மணிக்கு எழுந்தா மறுபடி தூக்கம் வரல, கொஞ்சம் தள்ளி விடும்மா, சின்னவ நிம்மதியா இருப்பான்னு… தூங்கட்டுமேன்னுதான்…”

பதில் சொல்ல நேரமில்லை. இரண்டு பால்கனிக்கும் நடுவே இடுப்பளவு சுவர். ஐந்து மாடி உயரத்தில் அவள் அதன்மேல் ஏறி, கீழே பார்க்காமல், மறுபக்கம் குதித்தாள். துண்டு அவள் தோளில் உரசியது. அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

அப்பா கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவில் தரையில் குப்புற விழுந்து கிடந்தார். கையெட்டும் தூரத்தில் காலிச் சொம்பு உருண்டிருந்தது. புரட்டினாள். உடம்பு ரொட்டித் தட்டைப்போல் கொதித்தது. துளி வேர்வை இல்லை. மூச்சு மட்டும் இருந்தது, எங்கேயோ தூரத்தில் மரம் அறுப்பதுபோல.

“அக்கா, தண்ணி.”

“குழாயில வரலம்மா…”

“குடிக்கிற தண்ணி. பிள்ளைங்க பாட்டில். எல்லாத்தையும் கொண்டாங்க.”

தாழ்ப்பாளைத் திறந்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்து தங்கள் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்தார்கள். கடைசியாக வந்த குட்டிப் பெண், “மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு” என்றது. சின்னவள் அப்பாவின் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீரை ஊற்றி, நோட்டு அட்டையால் விசிறினாள். அக்கா எதிரே மண்டியிட்டு இன்னோர் அட்டையால் விசிறினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“இன்ஸ்பெக்டர் வந்திருக்கேன்பா. கண்ணைத் திறங்க.”

இமை ஒரு முறை அசைந்ததுபோல் இருந்தது. அசைந்ததா, அவள் விரும்பியதால் அப்படித் தெரிந்ததா என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

நெட்டை ஐஸ் பையோடு வந்தான். சலூன்காரரும் மூச்சிரைக்க ஏறி வந்தார். போர்வையில் கிடத்தி நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நாலாவது மூலையை டியூஷன் அக்கா பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு பக்கமும் தரையில் ஆட்கள். எல்லோரும் வெயில் கேஸ் என்று வார்டு பையன் சொன்னான். அப்பா இரண்டு நாள் இருந்தார். சனிக்கிழமை காலை, வழக்கமாக வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்தில், போய்விட்டார். பெரியவள் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஆறு பேரும் கண்ணாடிக் கடை வாசலில் கூடினார்கள். சின்னவள்தான் முதலில் சொன்னாள். “துண்டு வேண்டாம். குரல் கேட்கணும். ஆளுக்கு ரெண்டு வீடு. தூக்கம் கெட்டா கெடட்டும், திட்டினா திட்டட்டும்.”

“அஞ்சாவது மாடிக்கு நான் போறேன்” என்றான் நெட்டை.

“இல்ல, நான் போறேன்.”

பட்டியலில் இப்போதும் பதினோரு பேர். அப்பா இருந்த வரியில் டியூஷன் அக்காவின் வீட்டு எண்ணை எழுதியிருந்தார்கள். அன்றைக்குப் பிறகு பெற்றவர்கள் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. அவளும் வெளியே தலைகாட்டுவதில்லை.

மூன்று மணிக்குச் சின்னவள் ஏறினாள். தன் வீட்டுக் கதவைப் பார்க்காமல் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, நான்தான்.”

பதில் இல்லை. கை மறுபடி உயர்ந்தது. உள்ளே நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. சத்தம் போதாது. சத்தத்தை யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம்.

“அக்கா, குரல் குடுங்க.”

அம்மா படுத்திருந்த மூன்று மணி நேரமும் அப்பா கிடந்த மத்தியானமும் அந்தக் கதவுக்கு அந்தப்புறம் நின்றன.

“இருக்கேன்” என்றது குரல். கதவுக்கு மிக அருகில்தான், வெகு நேரமாக அங்கேயே நின்றிருந்ததுபோல.

நோட்டில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் போகவில்லை.

“கதவைத் திறங்க.”

தாழ்ப்பாள் விலகியது. அக்கா இளைத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. தலை குனிந்தே நின்றாள்.

“தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேம்மா.”

“எனக்குத் தெரியாது. என் கண் முன்னாடி குடிங்க.”

அக்கா உள்ளே போய்க் குவளையோடு வந்தாள். துண்டை நனைத்த அதே குவளை. நிலைப்படியில் நின்று குடித்தாள். பாதியில் நிறுத்தி, போதுமா என்பதுபோல் பார்த்தாள். சின்னவள் தலையசைக்கவில்லை. அக்கா மறுபடி குவளையை உயர்த்தினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை, கடைசி மடக்கு வரை, சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.