கூர்மை தவறிய படங்கள்

அந்த லென்ஸைப் பொத்துவிலில் வாங்கினேன். அலைச்சறுக்கு ஆட்களைப் படம்பிடிக்கும் ஒருவன் விற்றான். ஐம்பது மில்லிமீற்றர், இருட்டிலும் வெளிச்சத்தை அள்ளும் 0.95 அப்பர்ச்சர். கையில் எடுத்தால் படிக்கல் மாதிரிப் பாரம். கல்முனை பஸ்ஸில் திரும்பி வரும்போது, மஃரிப் நேரத்து இருட்டில், முன் ஆசனத்துப் பெரியவரின் கையைப் படம் எடுத்துப் பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரியாத நரம்பு படத்தில் தெரிந்தது. சாய்ந்தமருதில் இறங்கும்வரை கமராத் திரையை மூடவில்லை.

குறை ஒன்று இருந்தது. கூர்மையை, அதாவது ஃபோகஸை, வளையம் திருப்பிக் கையால்தான் பிடிக்கவேண்டும். முழுக்கத் திறந்து வைத்தால் ஒரு விரல் பருமனுக்குத்தான் தெளிவு விழும். மூக்கு தெளிந்தால் காது மங்கும். அதை அப்போது குறை என்று நினைக்கவில்லை. அதுதான் அழகு என்று நினைத்தேன்.

அதற்கு முன் கொழும்புப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஏழு மாதம் இரவு வேலை செய்தேன். ஒரு விடியற்காலை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் என்னை நம்பி யாரும் ஒரு வேலையும் தருவதில்லை. என் அக்கா, ஸகியா ராத்தா மட்டும் படமெடுக்கும் வேலை ஒன்றைத் தந்தாள்.

அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தபோது புருஷன் ஹாதிக் மச்சான் ஆழ்கடலில் இருந்தார். பிறந்த பிள்ளையின் காதில் முதலில் சொல்லும் பாங்கைச் சொல்ல மாமா ஒருவர் வந்தார். ராத்தா விடவில்லை. "அவரே வந்து சொல்லட்டும்" என்று மூன்று நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மச்சான் கரைக்கு வந்து, குளித்து, தொப்பி போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. மூலையில் ஒரு சின்ன பல்ப், அதற்கும் துணி கட்டியிருந்தது.

"லைட் அடிக்காத ஸப்ரி, புள்ளைட கண்ணுக்குக் கூடாது" என்றார் உம்மா.

"லைட் வேணாம் உம்மா. இது இருட்டுக்கெண்டே செஞ்ச சாமான்."

"அப்ப உனக்கெண்டே செஞ்சதுதான். பகலைக்கு எழும்பாத ஆளுக்கு வேற என்னத்துக்கு?" என்றார் மச்சான்.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானின் தங்கச்சி ஜெனூபா வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினாள். திரையின் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் நீலமாக விழுந்தது.

"போனை வைங்க. அந்த வெளிச்சம் எல்லாத்தையும் கெடுக்கும்."

அவள் ராத்தாவைப் பார்த்தாள். "வை ஜெனூபா. தம்பி எடுக்கான்தானே" என்றாள் ராத்தா. ஜெனூபா போனைக் கவிழ்த்துவைத்தாள்.

மச்சான் பிள்ளையைத் தூக்கி, வலது காதருகே குனிந்து பாங்கு சொன்னார். பாதியில் அவருடைய குரல் கம்மியது. நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். என் கவனம் முழுக்கப் பிள்ளையின் இமைமயிரில் இருந்தது. அதில் கூர்மை நின்றால் படம். பிள்ளை நெளிந்தது, மச்சான் அசைந்தார், வளையம் வழுகியது. நாற்பத்தொரு படம் எடுத்தேன்.

இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் இமைமயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம் போல விழுந்திருந்தது. பின்னால் மச்சான் பழுப்பு நிறப் புகையாக இருந்தார். மற்றவற்றில் சிலதில் எல்லாமே மங்கல். பலதில் கூர்மை பிள்ளையை விட்டு வழுகி மச்சானின் முகத்தில் விழுந்திருந்தது. எனக்கு அதெல்லாம் பிழை. தொழிற்சாலையில் என் வேலையே பிழைத் துணியைப் பொறுக்கி எறிவதுதான். கை பழகியிருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பதை அழித்தேன்.

அந்த ஒன்றைப் பேஸ்புக்கில் போட்டேன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். மறுநாள் மச்சான் போனை வாங்கிப் பார்த்தார்.

"மகன் வடிவா இரிக்கான். நான் எங்கடா? இந்தக் கஞ்சிக்கோப்பைக்குள்ள இரிக்கிறதா நான்?"

"அது ஸ்டைல் மச்சான். பின்னுக்கு மங்கினாத்தான் லென்ஸ்ட தரம் தெரியும்."

"சரி சரி. அடுத்தமுறை வந்தா என்னையும் ஒருக்கா முன்னுக்கு வை."

இரண்டு நாள் கழித்துக் கடலுக்குப் போனார். போட் கவிழ்ந்தது. இரண்டு பேர் நீந்தித் தப்பினார்கள். மச்சானின் ஜனாஸா எட்டாம் நாள் தெற்கே கரையொதுங்கியது. முகத்தை ராத்தாவுக்குக் காட்டவில்லை.

புருஷன் இறந்தால் இருக்கும் இத்தாவில், ராத்தா வெள்ளை உடுத்தி அதே அறையில் இருந்தாள். மூன்று கிழமை கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"கலியாணப் படம் இரிக்கி, ஐடென்டிக் காட் இரிக்கி. மகனோட இரிக்கிற படம் ஒண்டும் இல்ல. அண்டைக்கு நீ எத்தின தரம் கிளிக் கிளிக்கெண்டு அடிச்சாய். அவர்ட மொகம் தெரியிற ஒண்டு தா தம்பி."

"லெப்டொப் பழுதாப் பெய்த்து. திருத்தக் குடுத்திரிக்கன்" என்றேன்.

ஒரு மாதம் அதைத்தான் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டாள். கோபப்படாமல் கேட்டாள்.

அழித்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஆனால் அதே மெமரி காட்டில்தான் பிறகு லென்ஸைச் சோதிக்கவென்று கடற்கரை நாய்களையும் கொத்துரொட்டிக் கடை நெருப்பையும் நூற்றுக்கணக்கில் எடுத்திருந்தேன். நாய்கள் வந்தன. நெருப்பு வந்தது. அந்த அறையிலிருந்து வந்தது ஒரே ஒரு படம், அதுவும் மேல்பாதி மட்டும். சுவர்க் கடிகாரம், வெள்ளைத் தொப்பி, நெற்றி, புருவம். நெற்றியில் வியர்வைப் பொட்டு தெளிவாக இருந்தது. புருவத்துக்குக் கீழே எல்லாம் வெறும் சாம்பல். கண், வாய், பிள்ளை, ஒன்றும் இல்லை.

அதையும் பத்து நாள் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு ஒரு பகலில், பிள்ளை தூங்கும்போது, லெப்டொப்பைக் கொண்டுபோய் அந்தப் பாதிப் படத்தை அவள் முன்னால் திறந்தேன்.

"லெப்டொப் பழுதாகல்ல ராத்தா. நான்தான் அழிச்ச. மச்சான்ட மொகம் தெளிவா விழுந்த படம் நிறைய இருந்த. பிழையெண்டு அழிச்சிட்டன்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்டைக்கு ராவே அழிச்சியா?"

"ஓம்."

"அப்ப நான் கேட்ட நேரமெல்லாம் உனக்குத் தெரியும்."

"ஓம்."

"ஒவ்வொரு வெள்ளியும் இண்டைக்குத் தருவான், இண்டைக்குத் தருவானெண்டு இருந்தன். இல்லையெண்டு முதலே செல்லியிருந்தா ஒரேயடியா அழுது முடிச்சிரிப்பன்."

ஜெனூபாவின் போனைக் கவிழ்த்துவைக்கச் சொன்னதை அவள் சொல்லவில்லை. திட்டிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திரையைத் தன் பக்கம் திருப்பி, "இதைப் பெருசா கழுவிக் கொண்டுவா" என்றாள். "சாம்பலை வெட்டாத. இவன் பெருசாகி வாப்பாட மொகம் எங்கயெண்டு கேப்பான். கூட்டி வந்து உன்னட்டத்தான் உடுவன். நீ செல்லு."

மஜீட் காக்காவின் ஸ்டூடியோவில் படத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன ஸப்ரி, கீழுக்கு முழுக்கக் கெட்டுப் பெய்த்தே. வெட்டிட்டுத் தொப்பி மட்டும் வர எடுக்கட்டா?"

"வேணாம் காக்கா. முழுசா எடுங்க."